அயடீன் போத்தலா, தைரொக்சின் குளிசையா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தைரொய்ட் குறைவு உள்ள ஒருவர் இருக்கிற வீட்டில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற கேள்வி இது: "வெளிநாட்டில இருந்து அயடீன் போத்தல் வந்திருக்கு. அதைக் குடிச்சா ஆஸ்பத்திரிக் குளிசையை விடலாமோ?"

இதைக் கேட்பவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தைரொய்ட் சுரப்பிக்கு அயடீன் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். குறைந்த சாமானைக் கொடுத்தால் குறைவு தீரும் என்று நினைப்பது இயல்புதான். அதோடு குளிசை என்றால் வாழ்நாள் முழுக்க, போத்தல் என்றால் "இயற்கை". கனடாவில் இருக்கிற மச்சாளோ லண்டனில் இருக்கிற சித்தியோ பாசத்தோடு பெட்டியில் வைத்து அனுப்பியது என்றால் தூக்கி வைக்கவும் மனம் வராது.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். எங்களில் தைரொய்ட் குறைவு என்று கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் குளிசைதான் மருந்து. அவர்களுக்கு வேண்டிய அயடீன் உப்பிலும் மீனிலும் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் அள்ளிப் போடுகிற அயடீன் சும்மா கழிந்து போவதோடு நிற்காது, சிலருக்கு வருத்தத்தைக் கூட்டியும் விடும்.

காரணத்தை இப்படி யோசித்துப் பாருங்கள். சுரப்பி ஒரு நெல்லு ஆலை என்றால் அயடீன் நெல்லு, அதிலிருந்து சுரப்பி செய்கிற ஹோர்மோனான தைரொக்சின் அரிசி. நெல்லு வராமல் ஆலை சும்மா நின்றால் நெல்லு கொண்டுவந்து கொட்டலாம். ஆலையே பழுதாகிக் கிடக்கும்போது முற்றம் நிறைய நெல்லு பறித்தாலும் உலை வைக்க அரிசி இராது. அந்த வீட்டுக்கு அரிசியாகவே வாங்கிக் கொடுக்க வேண்டும். குளிசை செய்வது அதைத்தான். சுரப்பி செய்து தரவேண்டிய அதே தைரொக்சினை முடிந்த பொருளாகவே உடம்புக்குக் கொடுக்கிறது. அந்தத் தைரொக்சின் மூலக்கூறில் நான்கு அயடீன் அணுக்கள் இருக்கின்றன, அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அயடீன்தான். குளிசை போடுகிறவர் அயடீனையும் சேர்த்தே விழுங்குகிறார்.

ஆலை ஏன் பழுதாகிறது?

அயடீன் போதியளவு கிடைக்கிற நாடுகளில் முதல் காரணம் ஹஷிமோட்டோ. 1912இல் இதை விவரித்து எழுதிய ஜப்பானிய வைத்தியரின் பெயர் அது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம், குடும்பத்திலும் ஓடும். டிபிஓ எதிர்பொருள் என்ற இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். சுரப்பியை வெட்டி எடுத்தவர்கள், கதிரியக்க அயடீன் சிகிச்சை பெற்றவர்கள், மனநோய்க்கு லித்தியம் அல்லது இதயத்துக்கு அமியோடரோன் எடுப்பவர்கள் என்று வேறு சிலரும் உண்டு. இவர்களில் எவருக்கும் அயடீன் போதாமல் வருத்தம் வரவில்லை.

அயடீன் பற்றாக்குறையாலும் சுரப்பி சோரும், கழுத்து வீங்கும். இலங்கையில் இந்தக் கழுத்து வீக்கம் அதிகம் பேசப்பட்டது தென்மேற்கு ஈர வலயத்தில். வன்னி அந்த வட்டத்துக்குள் வந்த இடமில்லை. 1995இலிருந்து நாடு முழுக்கச் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். கணக்குப் போட்டே பார்க்கலாம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயடீன் இருந்தால், ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்பிலேயே அந்த 150 வந்துவிடும். அதற்கு மேல் முல்லைத்தீவுக் கடல் மீன், கொக்கிளாய் இறால், முட்டை, பால் எல்லாம் மிச்சம்.

ஆனால் ஒன்று. கடலிலிருந்து விளைகிற உப்பில் அயடீன் தானாக நிறைய இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. ஆனையிறவில் விளைந்தாலும் புத்தளத்தில் விளைந்தாலும், அயடீன் சேர்க்காத கல்லுப்பில் அது மிகச் சொற்பம். கருவாடு போட மூட்டையில் வாங்கின கல்லுப்பையே சமையலுக்கும் எடுக்கிற வீடும், கடல் மீன் பக்கமே போகாமல் குளத்து மீனோடும் மரவள்ளியோடும் முடித்துக்கொள்கிற வீடும் இதைக் கவனிக்க வேண்டும். மரவள்ளியில் இருந்து உடம்பில் உண்டாகிற தயோசயனேற்று, சுரப்பி அயடீனை எடுப்பதைத் தடுக்கும். அயடீன் போதியளவு இருக்கிற ஒருவருக்கு, அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்ட மரவள்ளியால் தொல்லை வராது. இந்த வீடுகளுக்கும் போத்தல் தேவையில்லை. பக்கற்றில் "அயடீன் சேர்க்கப்பட்டது" என்று எழுதியிருக்கிற உப்பு வாங்கி, மூடியுள்ள போத்தலில் அடுப்புக்குத் தள்ளி வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போட்டால் போதும். ஈரமும் வெக்கையும் பட்டால் அயடீன் போய்விடும்.

போத்தலின் பின்பக்கம்

அண்மையில் தெரிந்த அக்கா ஒருவர் காட்டிய போத்தலைத் திருப்பிப் பார்த்தேன். கடல்பாசித் தூள் கப்சூல். முன்பக்கம் பச்சை இலை, பெரிய எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு கப்சூலுக்கு அயடீன் 325 மைக்ரோகிராம், அதற்கு நேரே, ஒரு நாள் தேவையில் 217 சதவீதம் என்று. அக்கா எடுத்தது நாளுக்கு இரண்டு. 650 மைக்ரோகிராம், சாப்பாட்டில் வருவது வேறு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஒரு நாளைக்கு 600ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது, அமெரிக்காவில் அந்த எல்லை 1100. கடல்பாசியில் அயடீன் அளவு பாசிக்குப் பாசி மாறும் என்பதால் லேபிளில் போட்ட இலக்கத்தையும் முழுதாக நம்ப முடியாது.

இதைவிடப் பயம் தருவது சொட்டு மருந்து. லூகோல் கரைசல் என்று ஒன்று உண்டு. 1829இல் பிரான்சில் செய்யப்பட்டது, சத்திரசிகிச்சைக்கு முன் குறுகிய காலத்துக்கு வைத்தியர்கள் கொடுப்பது. அதன் 5 சதவீதக் கரைசலில் ஒரு சொட்டில் 6 மில்லிகிராமுக்கு மேல் அயடீன் இருக்கிறது. நாற்பது நாள் தேவை ஒரே சொட்டில். இணையத்தில் பார்த்துவிட்டு இதைத் தேத்தண்ணியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அளவுக்கு மிஞ்சி அயடீன் வந்தால் சுரப்பி தற்காப்புக்காக ஹோர்மோன் செய்வதையே நிறுத்திவிடும். வூல்ஃப், சைக்கோஃப் என்ற இருவர் 1948இல் காட்டியது இது. நல்ல சுரப்பி சில நாளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஹஷிமோட்டோவால் நொந்த சுரப்பிக்குத் திரும்பி வருவது கடினம், நிறுத்தியது நிறுத்தியபடியே கிடக்கும். அதனால்தான் தைரொய்ட் குறைவுக்கு என்று எடுத்த அயடீன் அதே குறைவைக் கூட்டிவிடுகிறது. கழுத்தில் கட்டிகள் உள்ள வயதானவர்களுக்கு மறுபக்கம் நடக்கும்: ஹோர்மோன் மிஞ்சி, நெஞ்சு படபடக்கும், உடம்பு வற்றும்.

"எனக்குச் சுகமா இருந்ததே" என்பவர்களுக்கு

இந்த அலசலில் மிக முக்கியமாக நான் நினைப்பது இதுதான். தைரொக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் எடுக்கும். ஆகவே குளிசையை இன்றைக்கு விட்டவருக்கு நாளைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு கிழமைக்குப் பிறகும் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். அந்த நாட்களில் அவர் அயடீன் கப்சூல் எடுத்துக்கொண்டிருந்தால், "பார், குளிசை இல்லாமலே நல்லா இருக்கிறன்" என்று சொல்வார். உண்மையில் அவரைத் தாங்கி நிற்பது போன மாதம் போட்ட குளிசை. பிறகு மெதுவாக வரும்: மலச்சிக்கல், முகத்தில் ஊதல், மாதவிடாய்ப் போக்குக் கூடுதல், எல்லாருக்கும் வெக்கையாக இருக்கும்போது இவர் மட்டும் போர்வை தேடுவது. அதற்குள் அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குப் போத்தல் பற்றிச் சொல்லியும் இருப்பார்.

இன்னொரு விதமாகவும் ஏமாறலாம். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்குச் சுரப்பி கொஞ்சக் காலம் சோர்ந்து, தானாகவே எழும்பிவிடும். ரிஎஸ்எச் (சுரப்பியை வேலை செய்யத் தூண்டுகிற ஹோர்மோன், சுரப்பி சோர்ந்தால் இரத்தத்தில் இது கூடும்) கொஞ்சமாகக் கூடியிருப்பதும் சிலருக்கு மருந்தே இல்லாமல் இறங்கும். அந்த நேரம் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் போய்விடுகிறது.

பெட்டியில் வருகிற மற்றப் போத்தலையும் இங்கேயே சொல்ல வேண்டும்: தலைமயிர் கொட்டுவதற்கு அனுப்புகிற பயோட்டின் விற்றமின். அது சில ஆய்வுகூடக் கருவிகளைக் குழப்பி, ரிஎஸ்எச் இறங்கியது போலவும் தைரொக்சின் ஏறியது போலவும் காட்டும். இரத்தம் குத்துவதற்கு இரண்டு நாள் முன்னமாவது நிறுத்திவிட்டு, எடுத்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

குளிசையின் பக்கம் உள்ள சிக்கல்கள்

குளிசைக்கும் குறை இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து கிளினிக்குக்குப் போவது என்றால் அன்றைய கூலி போய்விடும். சில வேளை மருந்து முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தருவார்கள். ரிஎஸ்எச் பார்க்கத் தனியார் லாப்பில் காசு கட்ட நேரும். இவற்றால் களைத்துப் போய்ப் போத்தலுக்கு மாறுகிறவரின் நிலை எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் களைப்புக்கு மாற்று அயடீன் ஆகாது. இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தரமுடியுமா என்று கேட்பது, கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்கை மாற்றித் தரச் சொல்வது போன்றவை கேட்டுப் பார்க்கக்கூடிய வழிகள்.

"குளிசை போட்டும் குறையேல்லை" என்கிற முறைப்பாட்டுக்குக் காரணம் பல வேளை போடுகிற விதத்தில் இருக்கிறது. இது வெறுவயிற்றுக் குளிசை. பச்சைத்தண்ணியோடு போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் வரை பொறுக்க வேண்டும். எழும்பின கையோடு பால்மாத் தேத்தண்ணி குடித்து, அதோடு குளிசையையும் விழுங்கினால் அது முழுதாக உள்ளே சேராது. கோப்பியும் சோயாவும் அப்படித்தான். விடியவே வயலுக்கு இறங்குகிறவர், தேத்தண்ணி இல்லாமல் கால் வைக்க முடியாதவர் என்றால் இரவில் போடலாம்: சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழித்து, படுக்கைக்குப் போகும்போது. வைத்தியரிடம் சொல்லிவிட்டு, ஒரே நேரத்தைப் பிடித்துக்கொண்டால் சரி.

வைத்திருக்கும் இடத்தையும் பாருங்கள். வெக்கையும் ஈரமும் வெளிச்சமும் தைரொக்சினைக் கெடுக்கும். ஆஸ்பத்திரியில் கடதாசி உறையில் போட்டுத் தந்த குளிசையைத் தகரக் கூரைக்குக் கீழே யன்னல் விளிம்பில் வைத்தால் சித்திரை வெயிலுக்கு அது தாங்காது. உறையோடு மூடியுள்ள பேணி ஒன்றில் போட்டு, வீட்டில் ஆகக் குளிர்ச்சியான, ஈரமில்லாத மூலையில் வையுங்கள்.

அளவு மாற்றினால் 6 முதல் 8 கிழமைக்குப் பிறகுதான் ரிஎஸ்எச் உண்மை சொல்லும். அதற்கு முன் "இது வேலை செய்யேல்லை" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கூடுதலாக விழுங்குவதும் பிழை. காலப்போக்கில் எலும்பு தேயும், இதயத் துடிப்புச் சீர்குலையும், வயது போனவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

வயிற்றில் பிள்ளை இருந்தால்

இங்கே மட்டும் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. கர்ப்பத்தில் அயடீன் தேவை 250 மைக்ரோகிராமுக்கு ஏறுகிறது. தைரொய்ட் வருத்தம் இல்லாத கர்ப்பிணிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கர்ப்பகால விற்றமினில் 150 மைக்ரோகிராம் அயடீன் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, கடல்பாசிக் கப்சூல்தான் கூடாது. ஏற்கெனவே தைரொக்சின் எடுப்பவருக்கு அயடீனைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை, குளிசையின் அளவைத்தான் கூட்ட வேண்டும். பெரும்பாலும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. முதல் மூன்று மாதம் பிள்ளையின் சுரப்பி வேலை தொடங்காது, மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைரொக்சினே கதி. ஆகவே நாள் தள்ளிப் போனது உறுதியானதும், அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இராமல் உடனே போய்ச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள் கிளினிக்கில் இரும்புக் குளிசையும் கல்சியக் குளிசையும் தருவார்கள், திரிபோஷாச் சத்துமாவும் தருவார்கள். மூன்றும் வேண்டியவையே. ஆனால் இரும்பும் கல்சியமும் தைரொக்சினைப் பிடித்து வைத்துவிடும், திரிபோஷாவில் சோயா இருக்கிறது. ஆகவே விடிய ஐந்து மணிக்குத் தைரொக்சின், ஆறரைக்குத் தேத்தண்ணியும் சாப்பாடும், மத்தியானச் சாப்பாட்டோடு கல்சியம், பின்னேரம் திரிபோஷா, இரவு இரும்பு. தைரொக்சினுக்கும் மற்றக் குளிசைகளுக்கும் நடுவில் நான்கு மணித்தியாலம் இருந்தால் போதும், மணி முன்பின் ஆகலாம். வீட்டுக்கு வருகிற மருத்துவமாதுவிடம் கொப்பியைக் காட்டி, "தைரொய்ட் குளிசையும் போடுறன் மிஸ்" என்று சொல்லி, இந்த ஒழுங்கை அதிலேயே எழுதுவித்து வைத்துக்கொள்ளுங்கள்.