காட்வினின் கறுப்பு சைட்போர்டு: ஒரு மதிப்புரை

ஆங்கிலக் கட்டடக் கலைஞர் எட்வர்ட் வில்லியம் காட்வின் 1867-இல் தம் சொந்த உணவறைக்காக வடிவமைத்த சைட்போர்டு (பாத்திரங்கள் வைக்கவும் உணவு பரிமாறவும் உதவும் உணவறை அலமாரி), பின்னர் வில்லியம் வாட் என்பவரின் நிறுவனத்தால் வாடிக்கையாளர்களுக்கும் செய்து தரப்பட்டது. அவற்றுள் ஒன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்காலத்தில் ஜப்பானியப் பாணி என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்ற அறைகலன்களில் பல, பழைய பருத்த உருவங்களின் மேல் விசிறியையும் நாரையையும் ஒட்டவைத்தவை. இது அந்த ரகம் அன்று.

மெல்லிய சட்டங்கள் நெடுக்கும் குறுக்குமாகச் செல்ல, அவற்றுக்கிடையே சில இடங்கள் மூடிய அறைகளாகவும் சில இடங்கள் வெறும் வெளியாகவும் விடப்பட்டிருக்கின்றன. செதுக்கு வேலை இல்லை. தோலைப் போலப் புடைப்பு வேலை செய்த காகிதம் பதித்த பலகைகளும் வெள்ளி முலாம் பூசிய கைப்பிடிகளுமே அலங்காரம். கருங்காலி போலத் தோன்றுமாறு சாயமேற்றி மெருகிட்ட மஹாகனி மரத்தின் மீது அந்த வெள்ளிக் கோடுகள் எடுப்பாகத் தெரிகின்றன. செலவைக் கருதி முதலில் மலிவான பைன் மரத்தில் செய்யச் சொன்ன காட்வின், அது உறுதியாக இல்லாததால்தான் மஹாகனிக்கு மாறினார்.

அவர் ஜப்பானுக்குப் போனதில்லை. 1862-ஆம் ஆண்டு லண்டன் சர்வதேசக் கண்காட்சியில் ஜப்பானில் பணியாற்றிய பிரிட்டிஷ் தூதர் ரதர்ஃபோர்ட் ஆல்காக்கின் ஜப்பானியச் சேகரிப்பு வைக்கப்பட்ட பின் அங்கே பரவிய ஆர்வமும் மர அச்சுப் படங்களுமே அவருக்குப் பாடம். பாயில் அமர்ந்து உண்ணும் ஜப்பானிய வீட்டில் இப்படியொரு பொருளுக்கு இடமே இல்லை. ஆங்கிலேயரின் தேவைக்கு ஜப்பானிய அளவொழுங்கைப் பொருத்திய இந்தத் துணிச்சலை, நகலெடுப்பதைவிட மேலானதாகவே நான் மதிக்கிறேன்.

பயன்பாட்டில் குறைகள் உண்டு. இவ்வளவு பெரிய உருவத்துக்குப் பாத்திரங்கள் வைக்க இடம் குறைவு. கறுப்பு மெருகில் தூசியும் கைரேகையும் உடனே தெரியும் (தூய்மையை வலியுறுத்தியவர் இந்நிறத்தைத் தேர்ந்தது வேடிக்கைதான்). இருபுறமும் மடக்குப் பலகைகளை விரித்துப் பரிமாறும் இடத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஹெர்ட்டர் சகோதரர்கள் என்ற அமெரிக்க அறைகலன் நிறுவனம் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த கறுப்பு உடையலமாரி இருக்கிறது; அதில் மேலிருந்து பூக்கள் உதிர்வதுபோல வேறு நிற மரத்துண்டுகளைப் பதித்த வேலை அமைந்திருக்கிறது. அழகில் அதற்கே முதலிடம் தருவேன். கட்டமைப்பில் காட்வினே முந்துகிறார். லண்டன் அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் காட்வினின் சைட்போர்டை முன்புறமிருந்து மட்டும் பார்த்துவிட்டு நகராமல், பக்கவாட்டிலிருந்தும் பார்ப்பது நல்லது.