மூட்டைப் பூனைத் தீனியா, சீல் பாக்கெட்டா?

நாகர்கோவில் பக்கம் பூனைக்கு உலர்தீனி வாங்கப் போனால் இரண்டு வழி. பெரிய மூட்டையைப் பிரித்து வைத்து நிறுத்துத் தருவார்கள். இல்லையென்றால் கம்பெனி சீல் வைத்த பாக்கெட்.

நிறுத்து வாங்குவது மலிவு. கால் கிலோ வாங்கிப் பூனை தின்கிறதா என்று பார்த்துவிடலாம். சில பூனைகள் முகர்ந்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நஷ்டம் சின்னதாக முடியும். ஆனால் நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்று வேறு. திறந்த மூட்டையில் தீனி நமத்துப்போகும், மேலே பூசிய கொழுப்பும் கெடும். ஒன்றை விரலால் ஒடித்துப் பாருங்கள்: 'டக்'கென்று உடையாமல் நசுங்கினாலோ, பழைய எண்ணெய் வாடை அடித்தாலோ வேண்டாம்.

பாக்கெட்டில் பார்க்க வேண்டியது பின்பக்கம். புரதம் வளர்ந்த பூனைக்கு 26, குட்டிக்கு 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து (ஒரு வகை அமினோ அமிலம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். சேர்மானப் பட்டியலில் முதலில் வருவதுதான் எடையில் அதிகம். அங்கே மக்காச்சோளம் இருந்தால், விலை ஏன் குறைவு என்று புரிந்துவிடும்.

என் கட்சி பாக்கெட்தான், அதுவும் ஒரு மாதத்தில் தீரும் அளவு. மூட்டைதான் கட்டுப்படியாகும் என்றால் சரி, லேபிளைக் காட்டச் சொல்லி, புதிதாகப் பிரித்ததிலிருந்து வாங்குங்கள். சாளை (மத்தி மீன்) மலிவாக வரும் நாளில் ஒன்றிரண்டை அவித்து, முள் நீக்கி மேலே போடலாம். உப்பும் மிளகாயும் வேண்டாம்.