சிலோன் பேப்பர் பார்க்கிற அக்கா கடை, கூடலூர்

கூடலூர் பேருந்து நிலையத்திலிருந்து ஊட்டி ரோட்டில் கொஞ்சம் மேலே ஏறினால் 'ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன்' என்று மட்டும் எழுதிய ஒரு சின்னக் கடை வரும். தனியாகப் பெயர் கிடையாது. பந்தலூர், சேரம்பாடிப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் 'சிலோன் பேப்பர் பார்க்கிற அக்கா கடை' என்பார்கள். ஆதார் திருத்தம், பட்டா, வருமானச் சான்றிதழ் என்று எல்லாக் கடையிலும் நடக்கிற வேலை அங்கேயும் நடக்கும். அதைப் பற்றி நான் எழுத வரவில்லை. சிலோனிலிருந்து வந்த குடும்பங்களின் பழைய காகிதங்களைப் படித்து, யார் யாருக்கு என்ன உறவு என்று அந்த அக்கா கோத்துத் தருகிறாரே, அந்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எழுபது வருஷமாக யாருக்கும் புரியாமல் இருந்த ஒரு விஷயம் அந்தக் கடையில்தான் புரிந்தது.

விஷயம் இதுதான். என் அம்மாவின் அப்பா 1971-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, பிறகு டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து வேலைக்காக இந்த மலைக்கு வந்தவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனில் இருந்த இந்திய வம்சாவளி ஆட்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானதே, அதில் ஒருவர். தாத்தாவுக்கு இரண்டு தாரம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். துறையூர்ப் பக்கம் சொந்த ஊரில் கட்டி, சீக்கிரமே செத்துப்போன மூத்த தாரம் ஒன்று. எங்களையெல்லாம் வளர்த்த அம்மாயி, அதாவது எங்கள் பாட்டி, இன்னொன்று. இதில் உறுத்திய ஒரே விஷயம், என் அம்மாவின் சிலோன் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாயி பெயர் இல்லை, வேறு ஒரு பெயர் இருந்தது. 'தோட்டத்துக் கிளாக்கர் தப்பா எழுதிட்டான்' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். அம்மாயி காலமானபோது வாரிசுச் சான்றிதழுக்காக, இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவைதான் என்று என் அம்மா நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்தே போட்டிருக்கிறார்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் வெளியூரில் ஒரு குடும்ப மரம் போட்டுத் தரும் ஆளிடம் ஆறாயிரம் ரூபாய் கொடுத்தோம். கலர் கலராகச் சட்டம் போட்டுக் கொடுத்தார். நாங்கள் வாயால் சொன்னதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. சரி, அது போகட்டும்.

அக்கா கேட்ட முதல் கேள்வி, 'காகிதம் எதையெல்லாம் வச்சிருக்கீங்க, கதை அப்புறம் கேட்டுக்கிறேன்.' தகரப் பெட்டியோடு கொண்டுபோயிருந்தோம். தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட், வரும்போது கொடுத்த குடும்ப அட்டை, அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்துபோன ஒரு இங்கிலீஷ் படிவம், தோட்டத்துப் பற்றுச்சீட்டு ஒன்று. எல்லாவற்றையும் மேசையில் வருஷ வரிசையில் பரப்பினார். ஒரு நீள நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொரு காகிதத்துக்கும் வருஷம், அதில் மனைவி என்று எழுதியிருக்கும் பெயர், வயது, எழுதியவர் யார், எதற்காக எழுதியது என்று ஐந்து கட்டம். அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம் என்றார். பணம் வாங்க எழுதியதா, நிலத்துக்கு எழுதியதா, செத்தவரைப் பதிய எழுதியதா என்று பார்த்துத்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வாராம்.

அந்தக் கிழிந்த படிவம் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அது 1949-ம் வருஷத்து இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டப்படி தாத்தா சிலோன் பிரஜையாகக் கேட்டுப் போட்ட விண்ணப்பத்தின் நகல். 1951 ஆகஸ்ட் வரை விண்ணப்பிக்க விட்டிருந்தார்கள். கல்யாணமானவர் என்றால் 1946-க்கு முன்னால் ஏழு வருஷம் அங்கே தொடர்ந்து இருந்திருக்க வேண்டும், ஆகாதவர் என்றால் பத்து வருஷம். அதனால் கல்யாணக் கேள்வி அந்தப் படிவத்தில் சும்மா பேருக்குக் கேட்டதில்லை என்று அக்கா விளக்கினார். பெரும்பாலானவர்களின் விண்ணப்பம் போலவே தாத்தாவுடையதும் தள்ளுபடி. ஆனால் அதில் மனைவி பெயர் இருந்தது, வயது 20. என் அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் இருந்த அதே பெயர்.

அப்புறம் குடும்ப அட்டையை எடுத்து அம்மாயி பெயருக்கு நேரே பென்சிலை வைத்தார். 1971-ல் வயது 29. 'அப்ப 1942-ல பிறந்திருக்காங்க. உங்கம்மா பிறந்தது 1953. பதினோரு வயசுல புள்ள பெத்திருப்பாங்களா தம்பி?' நான் அந்த அட்டையைச் சின்ன வயதிலிருந்து எத்தனை முறை பார்த்திருப்பேன், ஒரு தடவை கூடக் கழித்துப் பார்த்ததில்லை. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை.

ஆனால் அக்கா அத்தோடு முடிக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடைமேல் எனக்கு இவ்வளவு மரியாதை. தோட்டத்து ஆட்களின் வயதை அதிகாரிகள் முகத்தைப் பார்த்து எழுதியதும் உண்டு, ஒரு வயதை வைத்து ஒரு அம்மாவை மாற்றக்கூடாது என்றார். பெயரும் அப்படித்தான், காளியம்மாள் என்பது ஒரு காகிதத்தில் காளி, இன்னொன்றில் காளியாயி, வீட்டில் வேறொரு செல்லப் பெயர் என்று இருக்கும், ஒரே மனைவி காகிதத்தில் மூன்று பேராகத் தெரிவார். அதனால் வேறு வழியில் இரண்டு ஆதாரமாவது வேண்டும் என்று இரண்டு வேலை கொடுத்தார்.

ஒன்று துறையூர்ப் பக்கத்து நிலம். அவ்வளவு பழைய வில்லங்கச் சான்றிதழ் எங்களுக்கு இணையத்தில் கிடைக்கவில்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேட வேண்டியிருந்தது. பெயர் அட்டவணை தனி, சொத்து அட்டவணை தனி, இரண்டிலும் தேடச் சொல்லி மனுவில் எழுதிக் கொடுத்தார். 1958-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று வந்தது. தாத்தாவின் அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டது. அதில் 'காலஞ்சென்ற மூத்த தாரத்து மகன்' என்று ஒரு வரி, 'இலங்கையிலிருக்கும் இளைய தாரத்து மகள்' என்று ஒரு வரி. எங்கள் மாமா உடனே 'இளைய தாரம் அம்மாயிதானே' என்றார். அக்கா நோட்டைத் திருப்பிக் காட்டினார். 1958-ல் அம்மாயிக்கு வயது பதினாறு. அம்மாவின் தம்பி, அதாவது அம்மாயி பெற்ற முதல் பிள்ளை, பிறந்தது 1961. பத்திரம் எழுதியபோது ஒரு மகள் ஏற்கெனவே இருந்திருக்கிறாள், அந்த மகள் என் அம்மா, அப்படியானால் அந்த இளைய தாரம் வேறு ஒருத்தி.

இரண்டாவது வேலைக்குத்தான் நாள் ஆனது. ஹட்டன் பக்கம் இன்னும் இருக்கும் சொந்தக்காரப் பையன் ஒருவன் மூலமாகப் பிரதேச செயலகத்தில் மரணச் சான்றிதழுக்கு மனுப் போட்டோம். எந்தத் தோட்டம், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை தேட வேண்டும், எந்தெந்த எழுத்தில் பெயர் வரலாம் என்று அக்கா எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் கடிதம் இல்லாவிட்டால் அவர்களால் தேடியிருக்கவே முடியாது. ஆறு வாரம் கழித்து வாட்ஸப்பில் படம் வந்தது. 1956. வயது 25. மரணத்துக்குக் காரணம், பிரசவம். தகவல் கொடுத்தவர் கணவர், தாத்தாவின் பெயர். 1951-ல் இருபது, 1956-ல் இருபத்தைந்து, அதே பெயர், அதே தோட்டம்.

ஆக மூன்று தாரம். மூத்தவர் ஊரில் போனார், நடுவிலவர் தோட்டத்தில் என் அம்மாவைப் பெற்றுவிட்டு அடுத்த பிரசவத்தில் போனார், மூன்று வயதுப் பிள்ளையோடு நின்ற தாத்தாவைச் சில வருஷம் கழித்துக் கட்டிக்கொண்டு அம்மாயி வந்திருக்கிறார். பதினெட்டு வயதில். அம்மாயி கடைசி வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அம்மாவைப் பெற்ற பிள்ளையாகவே வளர்த்திருக்கிறார். கிளாக்கர்மேல் பழியைப் போட்டது அம்மாயியா தாத்தாவா என்று இப்போது கேட்க ஆளில்லை.

பெயர்களை இங்கே எழுதவில்லை, மூத்த தாரத்து வழியில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், எங்களைப் போலப் பலருக்கு இது உபயோகமாக இருக்கும். சிலோன் பிறப்புச் சான்றிதழில் 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா' என்று ஒரு கட்டம் உண்டு. அம்மாவுடையதில் 'இல்லை' என்று இருக்கிறது. அதைப் பார்த்து அம்மா முகம் வாடிப்போனது. அக்கா உடனே நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'அம்மா, இது பதிவுக் கல்யாணத்தக் கேக்குறது. தோட்டத்துல கோயில்ல தாலி கட்டினவங்க முக்காவாசிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், எங்கப்பா சான்றிதழ்லயும் இல்லைன்னுதான் இருக்கு' என்று சொல்லி, தன் அப்பாவின் சான்றிதழையே போனில் எடுத்துக் காட்டினார். அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் எவ்வளவு பணம் வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

கட்டணம் மொத்தம் 2,650 ரூபாய் ஆனது. முதலில் 300, பிறகு மனு, தட்டச்சு, நகல் என்று பிரித்துப் பிரித்து வாங்கினார், ஒவ்வொன்றுக்கும் துண்டுச் சீட்டு உண்டு. அரசுக் கட்டணமும் ஹட்டன் பையனின் போக்குவரத்தும் தனி. கடைசியில் கொடுப்பது நான்கு பக்கம் தட்டச்சு. எந்த வரி எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். தெரியாததற்குத் தெரியவில்லை என்றே போடுவார். நடுவிலவரைக் கட்டியபோது மூத்தவர் உயிரோடு இருந்தாரா என்று மாமா திரும்பத் திரும்பக் கேட்டார். பத்திரத்தில் காலஞ்சென்ற என்றுதான் இருக்கிறது, செத்த தேதி இல்லை, அதனால் நான் எழுத மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். சொத்துப் பங்கு பற்றிக் கேட்டால் வக்கீலிடம் போகச் சொல்லுவார், அந்தப் பக்கமே போவதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மொத்தம் பத்து வாரம் ஆனது. போன் அடித்தால் எடுப்பதே அபூர்வம், நேரில்தான் போக வேண்டும், எங்களுக்குச் சேரம்பாடியிலிருந்து ஒவ்வொரு தடவையும் அரை நாள் கூலி போனது. மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டால் அன்றைக்கு வேலை நடக்காது. வெளியே காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு கூடக் கிடையாது, வயதானவர்கள்தான் அதிகம் வருகிறார்கள், அதை மட்டுமாவது அக்கா கவனிக்க வேண்டும். போகிறவர்கள் காலையில் பத்து மணிக்குள் போய்விடுங்கள், மத்தியானத்துக்குமேல் ஸ்கூல் பிள்ளைகளின் ஜெராக்ஸ் கூட்டம் வந்துவிடும். அசல் காகிதம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள், உபயோகமில்லை என்று நீங்களே ஒதுக்காதீர்கள். எங்கள் கிழிந்த படிவத்தை மாமா இரண்டு முறை அடுப்பில் போடப் பார்த்தார்.

கடைசி நாள் அம்மா தன் பிறப்புச் சான்றிதழை நீட்டி லேமினேஷன் போட்டுத் தரச் சொன்னார். அக்கா வாங்கவில்லை. சூட்டில் ஒட்டிவிட்டால் பழைய காகிதம் பாழாகிவிடும், மறுபடி பிரிக்கவே முடியாது என்று சொல்லி, ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறை கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. அம்மா பஸ்ஸில் வரும்போது உறையை மடியிலேயே வைத்திருந்தார். தேவாலா தாண்டும்போது அந்தப் பெயரை ஒரு முறை வாய்விட்டுப் படித்தார், பிறகு என்னையும் படிக்கச் சொன்னார்.