ஃபேன்கிராஃப்ஸின் 'டெஃப்' எண்: ஷார்ட்ஸ்டாப்பையும் ஃபர்ஸ்ட் பேஸையும் ஒரே தராசில் வைக்கலாமா?

பேஸ்பால் பார்ப்பவர்களுக்கு ஃபேன்கிராஃப்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தில் நான் முதலில் காட்டுவது 'டெஃப்' என்ற எண்ணைத்தான். ஃபீல்டிங்கில் ஒருவர் சராசரியைவிட எத்தனை ரன் மிச்சப்படுத்தினார் என்பதோடு, அவர் நிற்கும் இடம் எவ்வளவு கடினம் என்பதையும் சேர்த்துச் சொல்லும் எண் இது. ஃபீல்டிங் எண்கள் பொதுவாக ஓர் ஆட்டக்காரரை அதே இடத்தில் ஆடும் மற்றவர்களோடுதான் ஒப்பிடும், ஆனால் கிரிக்கெட்டில் கீப்பரையும் பவுண்டரி ஓரம் நிற்பவரையும் அப்படியே ஒப்பிட முடியுமா என்ன? அதனால் இடத்துக்கு ஏற்ப ரன்களைக் கூட்டிக் கழிக்கிறார்கள்.

162 ஆட்டங்கள் கொண்ட முழு சீசனுக்கு, கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்சருக்கு 12.5, இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு 7.5 கூடும். மைதானத்தின் வலது வெளிப்பகுதியான ரைட் ஃபீல்டுக்கு 7.5, முதல் பேஸைக் காக்கும் ஃபர்ஸ்ட் பேஸுக்கு 12.5 குறையும். ஆக, ஃபர்ஸ்ட் பேஸில் சராசரியைவிட 10 ரன் மிச்சப்படுத்தும் கெட்டிக்காரர் கடைசியில் மைனஸ் 2.5, சராசரியான ஷார்ட்ஸ்டாப் பிளஸ் 7.5. முதல் தடவை பார்த்தபோது அநியாயமாகப் பட்டது, அப்புறம் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர் மூக்கி பெட்ஸ் ரைட் ஃபீல்டிலிருந்து ஷார்ட்ஸ்டாப்புக்குப் போனதை யோசித்தேன், அந்த மாற்றத்தைச் செய்ய எத்தனை பேரால் முடியும்? ஃபீல்டிங்கே செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்யும் டிஎச்சுக்கு (டெசிக்னேட்டட் ஹிட்டர்) 17.5 கழியும். 2024-இல் டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓட்டானி அந்தக் கழிவோடுதான் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதை வாங்கினார்.

குறை இல்லாமல் இல்லை. இடம் மாறி ஆடியவர்களை வைத்து இந்த அளவுகளுக்கு வந்தார்கள், ஆனால் இடது கையால் எறிபவர்கள் ஷார்ட்ஸ்டாப்பில் ஆடுவதே அபூர்வம், அவர்களை எதோடு ஒப்பிடுவது? ஒரு சீசன் எண்ணை மட்டும் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள், மூன்று வருடமாவது சேர்த்துப் பாருங்கள்.

இலவசமாகவே பார்க்கலாம். என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.