குரோமின் பெர்ஃபார்மன்ஸ் பேனல்: பக்கம் எங்கே திணறுகிறது என்று காட்டிக்கொடுக்கும்

பிரவுசர் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது மேல். அதற்கு குரோமிலேயே இலவசமாகக் கிடக்கும் இந்த பேனல் போதும். எஃப்12 தட்டி, பெர்ஃபார்மன்ஸ் டேபில் ரெக்கார்டு போட்டுப் பக்கத்தை ரீலோடு செய்தால் வண்ணப் பட்டைகளாக வந்து நிற்கும்: ஹெச்டிஎம்எல்லைப் படித்து டாம் மரம் (பக்கத்தின் உறுப்புகளைக் கிளைகிளையாக அடுக்கிய அமைப்பு) கட்டுவது நீலம், ஜாவாஸ்கிரிப்ட் மஞ்சள், எதற்கு எந்த ஸ்டைல், எது எங்கே உட்கார வேண்டும் (லேஅவுட்) என்று கணக்குப் போடுவது ஊதா, அதற்கு வண்ணம் தீட்டும் பெயின்ட் பச்சை.

இதில் பெரும்பகுதி மெயின் த்ரெட் என்ற ஒரே தடத்தில் வரிசை கட்டி நிற்கிறது என்பது இங்கே பார்க்கும்போதுதான் உறைக்கும். ஸ்கிரிப்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லும் டிஃபர், ஏசிங்க் எதுவும் போடாமல் மேலே ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலைச் செருகியிருந்தால், அது இறங்கி ஓடி முடியும்வரை டாம் கட்டும் வேலை அப்படியே நிற்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபோர்ஸ்டு ரீஃப்ளோ எச்சரிக்கை, அதாவது நம் ஸ்கிரிப்ட் லேஅவுட்டை அவசரமாக மறுபடி போடவைக்கிறது என்ற எச்சரிக்கை. லூப்புக்குள் ஒரு பெட்டியின் அகலத்தை மாற்றிவிட்டு உடனே அதன் உயரத்தைச் சொல்லும் ஆஃப்செட்ஹைட் கேட்கிறீர்கள் என்று வையுங்கள், சரியான உயரத்தைச் சொல்ல பிரவுசர் அப்போதே லேஅவுட்டை மறுபடி போட்டாக வேண்டும், லூப் நூறு முறை சுற்றினால் நூறு முறை. பேனலில் பொடிப்பொடியாக ஊதாப் பட்டைகள் அடுக்கி நிற்கும், ஒன்றைக் கிளிக் செய்தால் எந்த வரியால் வந்தது என்று காட்டி, அங்கிருந்து ஜாவாஸ்கிரிப்ட் கோடுக்கே கூட்டிப்போகும். உயரங்களை எல்லாம் முதலில் படித்து வைத்துக்கொண்டு அப்புறம் மொத்தமாக மாற்றுங்கள், அந்த அடுக்கு காணாமல் போகும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு (திரையில் ஒருமுறை வரையும் படத்துக்கு) கிடைப்பதே 16.7 மில்லிசெகண்ட் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. 50 மில்லிசெகண்டைத் தாண்டும் வேலைகளின் மூலையில் சிவப்பு முக்கோணமும் விழும்.

அனிமேஷனுக்கும் உதவும். ஒரு பெட்டியை அதன் லெஃப்ட் (இடப்பக்கத் தூரம்) மதிப்பை மாற்றி நகர்த்தினால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் லேஅவுட் ஓடும், சிஎஸ்எஸ்ஸில் டிரான்ஸ்ஃபார்ம் வைத்தால் வேலை பெரும்பாலும், வரைந்த அடுக்குகளைத் தனித் த்ரெட்டில் சேர்த்துக் காட்டும் கம்பாசிட்டருக்குப் போய்விடும், மெயின் த்ரெட் காலியாகக் கிடப்பது அப்படியே தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. புதிதாக வருபவர்களுக்கு முதல் பார்வையில் தலை சுற்றும், எங்கே தொடங்குவது என்று வழிகாட்டுதல் இன்னும் வேண்டும். சிபியூவை 4 மடங்கு மெதுவாக்கிப் பார்க்கும் வசதி நல்லதுதான், ஆனால் அது உங்கள் கணினியின் வேகத்திலிருந்து குறைப்பதுதானே, மலிவான போனில் நேரடியாகச் சோதிப்பதற்கு ஈடாகாது. அப்புறம், ரெக்கார்டு செய்யும்முன் இன்காக்னிட்டோ விண்டோவுக்குப் போய்விடுங்கள், இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன்களின் ஸ்கிரிப்டும் சேர்ந்து பதிவாகி, அவற்றின் தாமதத்தையும் உங்கள் பக்கத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.