முகமூடிக்குள்ள ஒரு மனுசன் இருக்கணும்: ஸ்கூபி டூ மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட், லேட்டா பாத்தவனோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், ஸ்பாய்லர் இருக்கு, நெறையவே இருக்கு. 2010ல ஆரம்பிச்சு 2013ல முடிஞ்சு போன கார்ட்டூனுக்கு இப்ப போய் ஸ்பாய்லர் எச்சரிக்கை போடறது எனக்கே ஓவரா தான் தெரியுது, ஆனா முகமூடிய கழட்டுறது தான் மொத்த கதையேங்கறப்ப உள்ள யாருன்னு நானே சொல்லிட்டா அப்புறம் நீங்க என்னத்த பாக்கறது. அதனால பாக்கற ஐடியா இருந்தா இங்கயே நிறுத்திட்டு பாத்துட்டு வாங்க.

ஸ்கூபி டூங்கற நாயும் ஃப்ரெட், டேஃப்னி, வெல்மா, ஷாகின்னு நாலு பசங்களும் சேந்து, பேய் வேசம் போட்டு ஊர மெரட்டுறவன புடிச்சு முகமூடிய கழட்டுற கதை. ரெண்டு சீசன், சீசனுக்கு 26, மொத்தம் 52 எபிசோடு. லீவுல பொண்ணு போர் அடிக்குதுன்னு நச்சு பண்ணவும், சரி நம்ம சின்ன வயசுல கார்ட்டூன் நெட்வொர்க்ல பாத்த நாய் தானேன்னு போட்டு விட்டேன், அவ பாக்கட்டும் நான் லேப்டாப்ப தொறக்கலாம்னு ப்ளான். லேப்டாப்ப அன்னிக்கு தொறக்கவே இல்ல.

பொண்ணுக்கு பத்து வயசு. நாலு எபிசோடு தாண்டறதுக்குள்ள குற்றவாளி யாருன்னு முன்னாடியே சொல்ல ஆரம்பிச்சிட்டா. எப்படிடின்னு கேட்டா, "ப்பா, வேலையே இல்லாம ஒருத்தர் வந்து ரெண்டு வார்த்த நல்லா பேசிட்டு போறார்ல, அவர் தான்" அப்படிங்கறா. அவ்ளோ தான் விசயம். ஒரு கார்ட்டூன்ல ஒரு ஆள வரையணும், அதுக்கு ஒருத்தர கூட்டிட்டு வந்து குரல் குடுக்கணும், எல்லாமே காசு, சும்மா ஒருத்தன எவன் வரைவான். அதுலயும் பழைய ஸ்கூபிய எடுத்த ஹன்னா பார்பரா கம்பெனி சிக்கனத்துக்கு பேர் போன கம்பெனி, தொரத்துற சீன்ல பின்னாடி அதே ஜன்னல் அதே தூண் அதே படம்னு திரும்ப திரும்ப ஓடுமே, அது கலை இல்ல, பட்ஜெட்டு. அப்படிப்பட்டவங்க புதுசா ஒரு தாத்தாவ காட்டுறாங்கன்னா அந்த தாத்தா மேல ஒரு கண்ணு வெச்சுக்கறது நல்லது.

பழசு பத்தி கொஞ்சம் சொல்லாம இந்த சீரிஸ பேச முடியாது. மொத ஸ்கூபி 1969 செப்டம்பர் 13, அமெரிக்கால சிபிஎஸ் சேனல்ல வந்துச்சு. அப்ப அங்க சனிக்கிழமை காலைல வர்ற கார்ட்டூன்ல எல்லாம் ஒரே அடிதடி, பசங்க கெட்டு போறாங்கன்னு பெத்தவங்க அமைப்புங்க சண்டைக்கு வந்துட்டாங்க, சேனல்காரங்களுக்கு அடிதடி இல்லாம ஆனா பசங்கள டிவி முன்னாடி கட்டி போடற மாதிரி ஒண்ணு வேண்டியிருந்துச்சு. ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ்னு ரெண்டு எழுத்தாளர்கள் எழுதி குடுத்தது தான் இது. மொதல்ல குடுத்த வெர்சன் ரொம்ப பயமா இருக்குன்னு சேனல் தலைவர் வேணாம்னுட்டார், அப்புறம் நாய முன்னாடி கொண்டு வந்து காமெடிய ஏத்தி தான் ஓகே வாங்கினாங்க. அந்த நாய வரைஞ்ச இவாவோ டகமோட்டோ, கிரேட் டேன் நாய் வளர்க்கற ஒருத்தர்கிட்ட நல்ல ஜாதி நாய்க்கு என்னென்ன லட்சணம் இருக்கணும்னு வரிசையா கேட்டுக்கிட்டு, எல்லாத்தையும் அப்படியே தலைகீழா வரைஞ்சார். கால் வளைஞ்சிருக்கும், முதுகு சரிஞ்சிருக்கும், ரெட்ட தாடை தொங்கும். இத படிச்சதுல இருந்து ஸ்கூபி நடந்து வந்தாலே எனக்கு சிரிப்பு தான்.

நான் சொல்ல வர்றது என்னன்னா, பேய் கடைசில பொய்யா போறது ஏதோ தத்துவம்னு ஆரம்பிச்சது இல்ல, பசங்க ராத்திரி பயந்து அலறக்கூடாதுங்கற கவல அதுல பாதி. ஆனா அந்த கவலைல இருந்து ஒரு அட்டகாசமான விதி பொறந்துருச்சு. மாட்றவன் யாருன்னு பாருங்க. சுரங்கத்துல எண்ணெய் இருக்கறத கண்டுபிடிச்சிட்டு ஓனர வெரட்ட பேய் வேசம் போடறவன், பக்கத்து நெலத்த அடிமாட்டு வெலைக்கு வாங்கறதுக்காக விண்வெளி பூதமா கெளம்பறவன், படகு திருடன், போலி ஓவியம் விக்கறவன். எல்லாம் காசு, எல்லாம் பெரிய மனுசங்க. மாட்டினதும் இந்த பொடிசுங்க மட்டும் மூக்க நுழைக்காம இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்னு ஒரு பொலம்பல். நெலத்துல பேய் இருக்குன்னு கெளப்பி விட்டு வெலைய எறக்கறது நம்மூர்லயும் கேள்விப்படாத கதையா என்ன.

அந்த பழைய சீரிஸ்ல யாருமே கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. இந்த அஞ்சு பேருக்கும் வீடு வாசல் இல்லியா? அந்த வேனுக்கு பெட்ரோல் யார் போடறா? அப்பா அம்மா எங்க? ஸ்கூலு? ஒண்ணும் தெரியாது, மழைல வண்டி ரிப்பேர் ஆகும், எதிர்ல ஒரு பாழடஞ்ச பங்களா இருக்கும், கெளம்பு. மிட்ச் வாட்சன், ஸ்பைக் பிராண்ட், டோனி செர்வோனி மூணு பேரும் 2010ல பண்ணது இந்த கேள்விய எல்லாம் சீரியஸா எடுத்துக்கிட்டது தான். எல்லாரும் கிரிஸ்டல் கோவ்னு ஒரே ஊர்ல இருக்காங்க, எல்லாருக்கும் வீடு இருக்கு, வீட்ல அப்பா அம்மா இருக்காங்க, அந்த அப்பா அம்மா அத்தன பேரும் இவங்க துப்பறியறத வெறுக்கறாங்க.

ஏன் வெறுக்கறாங்கங்கறது தான் சூப்பர். உலகத்துலயே பேய் அதிகமா இருக்கற ஊருன்னு போர்டு மாட்டி டூரிஸ்ட வெச்சு பொழைக்கற ஊரு அது. பேய் இல்ல, ரெண்டாவது தெரு வாத்தியார் தான் மாஸ்க் போட்டுக்கிட்டு சுத்தினார்னு நீங்க நிரூபிச்சா ஊருக்கு நஷ்டம். வெல்மாவோட அப்பா அம்மா நடத்தற பேய் மியூசியத்துல இந்த பசங்க புடிச்ச ஆளுங்களோட மாஸ்க், டிரெஸ் எல்லாம் காட்சிக்கு வெச்சிருக்கும், வெல்மா அதுக்கு நடுவுல நின்னு வர்றவங்களுக்கு மூஞ்ச தூக்கி வெச்சுக்கிட்டு டூர் காட்டுவா. அவளே பொய்னு நிரூபிச்ச பேய, அவளே பேய்னு சொல்லி விக்கணும். அந்த சீன்ல நான் நிறுத்தி ரெண்டு தடவ பாத்தேன். ஊர் போலீஸ் தலைவரான ஷெரிஃபுக்கும் இவங்க மேல கடுப்பு, மேயருக்கும் கடுப்பு, அந்த மேயர் தான் ஃப்ரெட்டோட அப்பா.

ஃப்ரெட்ட பத்தி தனியா சொல்லணும். பழசுல அவனுக்கு ரெண்டே வேல, பிரிஞ்சு போய் தேடலாம்னு சொல்றது, பொறி வெக்கறது. பொறி எப்பவும் சொதப்பும், ஷாகியும் ஸ்கூபியும் உருண்டு போய் விழுந்து பேய் தானா மாட்டும். புதுசுல அந்த பொறி பைத்தியத்த அவன் குணமாவே ஆக்கிட்டாங்க, எந்நேரமும் பொறி தான், டேஃப்னி பக்கத்துல வந்து காதலோட பாத்தா கூட அவன் வலை, கயிறு, கப்பின்னு பேசிட்டிருப்பான். மொதல்ல வெறும் காமெடி தான். ஆனா அவன் வீட்ட காட்டும்போது, அம்மா இல்லாத அந்த பெரிய வீட்ல மேயர் அப்பா நிமிந்து கூட பாக்காம பேசற தோரணைய பாத்தப்ப, ஓஹோ ஒரு விசயத்த ஓடிப்போகாம புடிச்சு வெச்சுக்கணும்னு இந்த பையனுக்கு ஏன் இவ்ளோ வெறின்னு தோணுச்சு. நான் ரொம்ப யோசிக்கறனோ தெரியல, என் வீட்டம்மா அப்படித்தான் சொன்னா.

டேஃப்னிக்கு நாலு அக்கா, எல்லாரும் சாதனையாளர், இவ மட்டும் மர்மம் மர்மம்னு சுத்தறாளேன்னு வீட்ல பேச்சு. இதெல்லாம் அளவா இருக்கு. ஷாகி வெல்மா காதல் தான் இழுவை. எனக்கு நீ வேணுமா நாய் வேணுமாங்கற பஞ்சாயத்து சீசன் ஒண்ணுல பாதிக்கு ஓடுது, பொண்ணு "என்னப்பா சீரியல் மாதிரி இருக்கு"ன்னு எந்திரிச்சு போய் மிக்சர் எடுத்துட்டு வந்தா. வெல்மாவும் அவ கூட படிக்கற மார்சிங்கற பொண்ணும் ரெண்டாவது சீசன்ல நெருங்கறது இதுக்கு எவ்வளவோ மேல், அது காதல் தான்னு செர்வோனியே 2020ல வெளிப்படையா சொல்லிட்டார்.

குரல் விசயத்துல ஒரு குறும்பு பண்ணிருக்காங்க. அந்த மார்சிக்கு குரல் குடுத்த லிண்டா கார்டெல்லினி தான் 2002ல வந்த ஸ்கூபி டூ சினிமால வெல்மாவா நடிச்சவங்க. அதே சினிமால ஷாகியா வந்த மேத்யூ லில்லார்ட் இதுலயும் ஷாகி. அப்ப 1969ல ஷாகிக்கு பேசின கேசி கேசம் எங்கன்னா, இதுல ஷாகியோட அப்பாவுக்கு பேசறார். ஃப்ரெட்டுக்கு ஃப்ராங்க் வெல்கர், 1969ல ஆரம்பிச்ச அதே ஆளு.

மெயின் கதைக்கு வருவோம். மிஸ்டர் 'இ'ன்னு ஒருத்தர் மறஞ்சிருந்து துப்பு அனுப்பிட்டே இருப்பார் (ஆமா, பேர சேத்து வேகமா சொல்லி பாருங்க). இந்த அஞ்சு பேருக்கு முன்னாடியே அதே ஊர்ல மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்ங்கற அதே பேர்ல நாலு பசங்களும் ஒரு கிளியும் துப்பறிஞ்சு திடீர்னு காணாம போயிருக்காங்க. பெரிக்கிள்ஸ்ங்கற அந்த கிளி இருக்கே, நான் கார்ட்டூன்ல பாத்ததுலயே மோசமான வில்லன்ல ஒண்ணு, அத பாத்ததுல இருந்து பொண்ணு ஜோசியக்கார கிளிய கூட சந்தேகமா பாக்குறா. துப்பறியற பசங்க வளந்தா என்ன ஆவாங்கங்கறதுக்கு இந்த பழைய கூட்டம் தான் பதில். மர்மம் தீரல, அது மேல ஆச மட்டும் வளந்து வளந்து ஒவ்வொருத்தரையும் தின்னுருச்சு. நம்ம அஞ்சு பேருக்கும் அது கண்ணாடி மாதிரி.

சீசன் ஒண்ணோட கடைசி எபிசோடு தான் உச்சம். இத்தன வாரமா ஊர மெரட்டின கோர உருவத்தோட மாஸ்க்க கழட்டினா உள்ள மேயரு, அதாவது ஃப்ரெட்டோட அப்பா. அதோட நிக்கல, அவர் அவனோட அப்பாவே இல்ல, பழைய கூட்டத்துல ரெண்டு பேருக்கு பொறந்த கொழந்தைய அவர் தூக்கிட்டு வந்து வளத்திருக்கார், அந்த ரெண்டு பேர் திரும்பி வரக்கூடாதுன்னு புடிச்சு வெச்ச பிணை தான் ஃப்ரெட்டு. நாப்பது வருசமா கைதட்டி சிரிச்சிட்டு பாத்த அதே கழட்டல், அதே பொலம்பல், ஆனா இங்க ஒருத்தனுக்கும் சிரிப்பு வரல. ஃப்ரெட்டு டேஃப்னியோட நடந்த நிச்சயத்த முறிச்சிக்கிட்டு கெளம்பறான், ஷாகிய ராணுவ ஸ்கூலுக்கு அனுப்பறாங்க, ஸ்கூபிய ஒரு பண்ணைல கொண்டு விடறாங்க. என் பொண்ணு ரிமோட்ட கீழ வெச்சிட்டு, "ப்பா, இது முடிஞ்சிருச்சா, இவ்ளோ தானா"ன்னு கேட்டா.

முடியல. முடிஞ்சிருந்தா கூட தேவலன்னு எனக்கு அப்பப்ப தோணுது. ரெண்டாவது சீசன்ல புதையலுக்கு வழி காட்டற ஒரு பழைய தட்டோட துண்டுங்கள தேடறாங்க, அது சாபம் பிடிச்ச புதையல், அதுக்குள்ள பல காலமா அடைஞ்சு கெடக்கற நெஜமான தீய சக்தி, கனவுல செவப்பு திரை போட்ட ரூமு, அங்க டான்ஸ் ஆடற ஆளு. அந்த ரூமு ட்வின் பீக்ஸ் சீரியலுக்கு போட்ட கும்பிடு, அதுல ஆடின மைக்கேல் ஜே ஆண்டர்சனையே கூட்டிட்டு வந்து பேச வெச்சிருக்காங்க, தெரிஞ்சவங்களுக்கு குஷி தான். எனக்கும் குஷியா தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா இந்த ஊர்ல எல்லாரும் ஏன் இப்படி கெட்டு போயிருக்காங்கன்னா அந்த தீய சக்தி தான் காரணம்னு சொல்றாங்க பாருங்க, அங்க நான் ஒத்துக்க மாட்டேன். மேயரு ஒரு கொழந்தைய திருடினது அவரோட பேராசை. அத கொண்டு போய் மண்ணுக்கடில இருக்கற பூதத்து மேல போட்டா, அப்புறம் மாஸ்க்க எதுக்கு கழட்டறது, உள்ள இருக்கறவன் மேல தப்பே இல்லன்னு ஆயிடுதே. 1998ல வந்த ஸ்கூபியோட ஜாம்பி ஐலண்ட் படத்துலயும் பேய் நெஜம் தான், ஆனா அது ஒரு தடவ ஏமாத்தற வெளையாட்டு, யாரோட பாவத்தையும் அது கழுவி விடல.

கடைசில அந்த சக்தி அழிஞ்சு காலமே மாறி போயிருது, ஊரு பேய் ஊருங்கற போர்ட கழட்டிட்டு வெயில் ஊருன்னு மாட்டிருது, எல்லார் வீட்டு அப்பா அம்மாவும் தங்கமா மாறிடறாங்க. நம்ம அஞ்சு பேருக்கு மட்டும் பழசு நியாபகம் இருக்கு, மர்மமே இல்லாத ஊர்ல இவங்களுக்கு வேலையும் இல்ல. அந்த ஒரு வெறுமைய மட்டும் அழகா எடுத்திருக்காங்க. வேன்ல ஏறி வேற ஊர் காலேஜுக்கு கெளம்பறாங்க, அதாவது 1969ல ஆரம்பிச்ச எடத்துக்கே கொண்டு வந்து விட்டுடறாங்க, வீடு வாசல் இல்லாம வேன்ல ஏன் சுத்தறாங்கங்கறதுக்கு இப்ப காரணம் இருக்கு. இதுக்கு விசில் அடிச்சேன்.

சின்ன பசங்களோட பாக்கறவங்களுக்கு ஒரு வார்த்த. ரெண்டாவது சீசன்ல ஆளுங்க நெஜமாவே சாவாங்க. ரேடியோல பேசற ஏஞ்சல் டைனமைட்டு செத்து போனப்ப என் பொண்ணு அழுது, அன்னிக்கு சாப்பாடு லேட்டு. எட்டு வயசுக்கு கீழன்னா மொத சீசனோட நிறுத்திக்கலாம். அப்புறம் நான் பாத்த ஆப்புல எபிசோட வரிசை மாத்தி அடுக்கி வெச்சிருந்தான், தொடர்கதைய எவனாச்சும் இப்படி வெப்பானா, நடுவுல ஒரு முக்கியமான விசயம் முன்னாடியே ஒடஞ்சு போச்சு. ஒவ்வொண்ணுலயும் அத்தியாய நம்பர் போட்டிருக்கும், அத பாத்து பாருங்க.

மொத சீசனுக்கு அஞ்சுக்கு நாலே முக்கால், ரெண்டாவதுக்கு மூணு, அதுவும் கிளிக்காக. பொண்ணு இப்ப 1969 பழசுக்கு போயிட்டா. மொத எபிசோடு, கருப்பு கவசம் போட்ட வீரன் பேயா வர்ற கதை, மியூசியத்துக்காரர் வந்து நாலு வார்த்த நல்லா பேசினதும் என் பக்கம் திரும்பி ஒரு பார்வ பாத்தா பாருங்க.