லேசான மட்டையா, கனத்த மட்டையா: முழங்கைக்கு எது நல்லது?

முழங்கை வலிக்கிறது என்று சொல்லும் டென்னிஸ் ஆட்டக்காரருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் யோசனை, லேசான மட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பதுதான். கை நோகும்போது பாரத்தைக் குறைப்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் டென்னிஸ் எல்போ எனப்படும் முழங்கையின் வெளிப்புறத் தசைநாண் வலியைப் பொறுத்தவரை இந்த யோசனை பலருக்கு வலியைக் கூட்டிவிடும் என்றே நான் கருதுகிறேன்.

இழை கட்டுவதற்கு முன் 260 கிராம் எடையுள்ள மட்டை ஒன்றையும் 320 கிராம் மட்டை ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். 58 கிராம் அளவிலான பந்து இரண்டிலும் ஏறத்தாழ 5 மில்லி விநாடிதான் தங்குகிறது. அந்த மோதலைக் கனத்த மட்டை பெருமளவு தன் நிறையாலேயே தாங்கிக்கொண்டு சற்றே பின்வாங்குகிறது. லேசான மட்டையோ கூடுதலாக உதறுவதால், அதைப் பிடித்து நிறுத்தும் வேலை முன்கைத் தசைகளின் மேல் விழுகிறது. வலைக்கு அருகில் நின்று வேகப் பந்தொன்றைப் பேக்ஹேண்டில் தடுக்கும்போது, பந்து சட்டத்தின் ஓரத்தில் பட்டால் இது நன்றாகத் தெரியும்: மட்டை உள்ளங்கைக்குள் திருகிக்கொள்ளும், விரல்கள் தாமாகவே இறுகும், மணிக்கட்டை நிமிர்த்தும் தசை சுண்டி இழுக்கப்படும். அந்தத் தசையின் நாண் முழங்கையின் வெளிப்புற எலும்புப் புடைப்பில்தான் ஒட்டியிருக்கிறது. டென்னிஸ் எல்போவில் வலிக்கும் இடமும் அதுவே.

இதனால் கனத்த மட்டை எல்லோருக்கும் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. தோள் வலிமை போதாதவர் அதைச் சுழற்றும்போது, ஆட்டம் நீள நீள மட்டை பந்துக்குத் தாமதமாக வந்து சேரும். உடலுக்கு முன்னால் சந்திக்க வேண்டிய பந்தைப் பக்கவாட்டில் சந்தித்து, குறையை மணிக்கட்டால் ஈடுகட்டத் தொடங்குவார். அப்போது முழங்கையோடு தோள்பட்டையும் சேர்ந்து பழுதாகும். சிறுவர்களுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் லேசான மட்டையே பொருத்தம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

தராசு காட்டும் எடையை விட, அது எங்கே குவிந்திருக்கிறது என்பதைப் பார்ப்பது முக்கியம். லேசான மட்டைகள் பலவற்றில், பந்தை அடிக்கும் வலு குறையாதிருக்க எடையைத் தலைப்பக்கம் தள்ளியிருப்பார்கள். கையில் எடுத்தால் இறகுபோல இருப்பது, சுழற்றும்போது கனக்கும். கைப்பிடிப் பக்கம் எடை சாய்ந்த 310 கிராம் மட்டையைச் சுழற்றுவது சில சமயம் அதைவிட எளிது.

விறைப்பான சட்டமும், இறுக்கிக் கட்டிய பாலியஸ்டர் இழையும் எந்த எடையிலும் கைக்குப் பகைதான். இழைகளுக்கு இடையே செருகும் ரப்பர்த் துண்டு ஓசையை அடக்குமே தவிர, கைக்கு வரும் அதிர்ச்சியைக் குறைப்பதாக நம்ப வேண்டாம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மூன்றாவது செட்டிலும் பந்தைத் தாமதமின்றிச் சந்திக்க முடிகிற வரை கனமான, கைப்பிடிப் பக்கம் எடை சாய்ந்த மட்டையையே நான் எடுப்பேன். ஏற்கெனவே வலி உள்ளவர் அதை வாங்கிய கையோடு ஆடுகளத்தில் இறங்காமல், தசைநாண் ஆறும்வரை ஆட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.